கொல்லைச் சரிவில் மரம் வைத்தவர்கள்

(வானொலி உரை)



வயலைப் பற்றித்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். பருத்திக்கு என்ன மருந்து, மக்காச்சோளத்துக்கு எப்போது மேலுரம், சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் வந்தால் என்ன செய்யலாம், இப்படி. வீட்டுப் பின்கதவைத் திறந்தால் காலடியில் கிடக்கிற ஐந்து சென்ட்டோ பத்துச் சென்ட்டோ, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாமாகக் கேட்டாலும், "அது சும்மா கிடக்குதுங்க, ஒரே நிழலு, சரிவு வேற, ஒண்ணும் வராது" என்று பதில் வருகிறது. அடுத்த யோசனை என்ன? ஜேசிபியைக் கூப்பிட்டு மட்டம் பண்ணி, மரத்தை வெட்டி, சிமெண்டு போட்டுவிடலாமா என்பதுதான்.

அப்படி யோசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்து இந்தக் கதையைக் கேளுங்கள். இது கொல்லையின் கதை. அங்கே மரம் வைக்க யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லாமல் போனது, அது எப்படிக் கைக்கு வந்தது என்கிற கதை. கடைசியில், நிழல் விழுந்த சரிவை என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

நம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் கொல்லை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்புறமும் கொல்லைதான். ஊருக்கு வெளியே மானாவாரியாகக் கிடக்கிற புன்செய்யும் கொல்லைதான். கடலைக் கொல்லை, முந்திரிக் கொல்லை என்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் பூமி மட்டமானது, ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து நிற்கும். நம் சீமை அப்படி இல்லை. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். மலையடிவாரத்திலிருந்து கிழக்கே போகப் போகப் பூமி இறங்கிக்கொண்டே போகிறது. பூலாம்பாடி, அரும்பாவூர் மாதிரி மலையை ஒட்டிய ஊர்களில் இது கண்ணுக்கே தெரியும். மட்டமாகத் தெரிகிற ஊரிலும், பின்வாசலுக்கும் கொல்லைக் கோடிக்கும் இரண்டு அடி, மூன்று அடி இறக்கம் இருப்பது சகஜம். மழை பெய்கிற அன்றைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அது சொல்லிவிடும்.

சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெளியூர் போக வேண்டாம். ஆலத்தூர் வட்டத்தில் காரை, குளக்காநத்தம் பக்கம் போனால் போதும். களிமண் பூமி மழைத் தண்ணீரில் அறுபட்டு அறுபட்டு, கால் வைக்க இடம் இல்லாமல் ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கிறது. மனிதன் செய்தது இல்லை, இயற்கையே செய்தது. ஒரு காலத்தில் அது கடலாக இருந்த இடம். கடல் பிராணிகளின் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கின்றன. மண்ணியல் படிக்கிறவர்களுக்கு அது பொக்கிஷம். உழுகிறவர் அதைப் பார்த்தால் வயிறு கலங்கும். பக்கத்தில் சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது, 18 மீட்டர் நீளம். 1940-ல் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பார்த்து எழுதினார். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால், கரையில் வளர்ந்த மரம் ஆற்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டுக் கடல் சேற்றில் புதைந்து கல்லானது என்கிறார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் மண்ணையும் மரத்தையும் இழுத்துக்கொண்டு போகிற வேலை நம் சீமையில் அவ்வளவு காலமாக நடக்கிறது.

சரி, இப்போது மனிதர் கதைக்கு வருவோம்.

கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய முதலாம் ராஜேந்திரனை உங்களுக்குத் தெரியும். சோழகங்கம் என்று அவர் வெட்டிய ஏரிதான் இன்றைக்கு நாம் பொன்னேரி என்று சொல்கிறது. அவருடைய தகப்பனார் ராஜராஜன், நாகப்பட்டினத்தில் இருந்த ஒரு பௌத்த விகாரத்துக்காக ஆனைமங்கலம் என்ற ஊரை மானியமாகக் கொடுத்தார். அந்தச் சாசனத்தைச் செப்பேட்டில் வெட்டி நிலைக்கச் செய்தவர் ராஜேந்திரன். லெய்டன் செப்பேடு என்று பேர் பெற்றது அதுதான்.

இந்த மாதிரிச் சோழர் காலச் செப்பேடுகளில் ஒரு ஊரைக் கொடுக்கும்போது ஊரில் உள்ளதையெல்லாம் ஒன்றுவிடாமல் கணக்குச் சொல்லுவார்கள். நன்செய், புன்செய், குளம், கிணறு, கன்று மேய்கிற தரிசு எல்லாம் வரும். அதில் மனை வருகிறது. மனையோடு கூட "மனைப்படப்பை" என்ற சொல்லும் வருகிறது. படப்பை என்றால் தோட்டம். மனைப்படப்பை என்றால் வீட்டை ஒட்டிய தோட்டம், அதாவது நம் கொல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அரசாங்கக் கணக்கில் கொல்லைக்குத் தனிப் பேர், தனி இடம் இருந்திருக்கிறது. சும்மா கிடக்கிற இடம் என்று அவர்கள் எழுதவில்லை.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். மானியம் பெற்றவர்களுக்கு என்னென்ன செய்துகொள்ள அனுமதி என்று அந்தச் செப்பேடுகளில் ஒரு பட்டியல் வரும். சுட்ட ஓடு போட்டு மாடி வீடு கட்டலாம். கிணறு தோண்டலாம். தென்னை வைக்கலாம். மரு, தமனகம், இருவேலி, செங்கழுநீர் நடலாம். இதையெல்லாம் சாசனத்தில் எழுதிக் கொடுத்தால்தான் செய்ய முடியும் என்றால் என்ன அர்த்தம்? எழுதிக் கொடுக்காத சாதாரணக் குடிகள் தங்கள் விருப்பத்துக்குக் கிணறு தோண்டி, தென்னை வைத்து, ஓட்டு வீடு கட்டிக்கொள்ள முடியவில்லை என்றுதானே ஆகிறது! வீட்டுக்குப் பின்னால் தென்னை வைப்பது ஒரு சலுகை. ராஜா கொடுக்க வேண்டும். கல்வெட்டுப் படிக்கிற பெரியவர்கள் இதைப் பல இடத்தில் எழுதியிருக்கிறார்கள்; நாம்தான் கோயில் கோபுரத்தின் உயரத்தை மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்தப் பட்டியலில் இருவேலி என்று வந்ததே, அது வெட்டிவேர். வாசனைக்காக வைத்தார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. 1980-களில் உலக வங்கியின் வேளாண் நிபுணர்கள், சரிவு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேரை வரிசையாக நடுங்கள் என்று இந்தியாவில் சொல்லத் தொடங்கினார்கள். சொல்ல வந்தவர்கள் கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கம் போனால், அங்கே விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லையில் வெட்டிவேரைத்தான் வேலியாக வைத்திருக்கிறார்கள்! வேர் பக்கவாட்டில் பரவாமல் பத்தடி ஆழத்துக்கு நேராக இறங்கும். பக்கத்துப் பயிரைக் கெடுக்காது. மேலே தூர் நெருக்கமாக நின்று, ஓடி வருகிற மண்ணை வடிகட்டி நிறுத்திவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த வரிசைக்கு மேல் பக்கம் மண் சேர்ந்து தானாகவே ஒரு படி உண்டாகிவிடும். ஒரு குறை உண்டு. அதற்கு வெயில் வேண்டும். அடர்ந்த நிழலில் வைத்தால் மெலிந்து போகும். இதைக் கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

கொல்லையில் இன்று நிற்கிற செடிகளில் பாதி வெளியூர்க்காரர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாழை, தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி, அவரை, மஞ்சள், பிரண்டை இவையெல்லாம் பழைய குடிகள். மிளகாய், கொய்யா, பப்பாளி, மரவள்ளி, முந்திரி எல்லாம் அமெரிக்காக் கண்டத்துச் சரக்கு. 1498-ல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகு கப்பலில் வந்தவை. பறங்கிக்காய் என்ற பேரிலேயே பறங்கிக்காரன் இருக்கிறான். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தில் இன்றைக்கு ஊர் ஊராக நிற்கிற முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசில் என்றால் சின்னப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். புதிதாக வந்த விதையை யாரும் எடுத்த எடுப்பில் வயலில் போட்டிருக்க மாட்டார்கள். கொல்லையில் ஒரு மூலையில் போட்டு, பெண்கள் தண்ணீர் ஊற்றி, காய்த்தால் குழம்பில் போட்டுப் பார்த்த பிறகுதான் வயலுக்குப் போயிருக்கும் என்பது என் எண்ணம். ஆராய்ச்சிப் பண்ணைகள் வருவதற்கு முன்னால் கொல்லைதான் ஆராய்ச்சிப் பண்ணை.

பிறகு பாளையக்காரர் காலம், ஜமீன் காலம். அரியலூர், உடையார்பாளையம் இரண்டும் பேர் போன பாளையங்கள், பிறகு ஜமீன்கள். ஜமீன் கிராமத்துக் குடியானவருக்கு உழுகிற உரிமை ஒன்று, மரத்தின் உரிமை இன்னொன்று. மரம் ஜமீனுக்கா குடிக்கா என்கிற வழக்கு ஓயாத வழக்கு. 1908-ல் வந்த சென்னை எஸ்டேட்ஸ் நிலச் சட்டம்தான், நிலையான சாகுபடி உரிமை உள்ள குடிக்குத் தன் நிலத்து மரத்தை அனுபவிக்கவும் வெட்டவும் உரிமை உண்டு என்று எழுதி வைத்தது. அதிலும், வழக்கப்படி ஜமீன்தாருக்கு ஒதுக்கியது போக மிச்சத்துக்குத்தான். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது.

இதெல்லாம் நிலம் வைத்திருந்தவர் கதை. நிலமே இல்லாமல் கூலிக்கு உழைத்தவர் கதை வேறு. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், அந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார். அவர் சுட்டிக்காட்டிய ஒன்று: குடிசை நிற்கிற இடம்கூட அந்த மக்களுக்குச் சொந்தம் இல்லை. மிராசுதார் போ என்றால் போக வேண்டும். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்குகிற உத்தரவு வந்தது. குடிசையே சொந்தமில்லை என்கிறவர், குடிசைக்குப் பின்னால் பலா வைப்பாரா? புளியங்கன்று நட்டு இருபது வருஷம் காத்திருப்பாரா? கீரை போடுவார், அவரை போடுவார், பூசணிக்கொடி கூரையில் ஏற்றுவார். மூன்று மாதத்தில் பலன் தருவதைத்தான் போடுவார். ஒருவர் தன் கொல்லையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்த்தால், அந்த இடம் தன்னுடையது என்று அவர் எவ்வளவு நம்புகிறார் என்பது தெரிந்துவிடும்.

இதை உறுதிப்படுத்துகிற ஒரு இடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நம் திருச்சி ஜில்லாவிலிருந்தும் (பெரம்பலூர் 1995 வரை திருச்சி ஜில்லாதானே), சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்டிச்சீமைக்குப் போனார்கள். முதலில் கோப்பித் தோட்டம். 1869 முதல் இலை நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு தேயிலைத் தோட்டம். கங்காணி கூட்டிக்கொண்டு போனார். அங்கே லயம் லயமாக அறைகள், ஒரு அறைக்கு ஒரு குடும்பம்.

கண்டிப் பிரதேசம் முழுக்க மலைச் சரிவு, நிழல், மழை. அந்த ஊர்ச் சிங்களக் குடியானவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தால் அது தோட்டமா காடா என்று தெரியாது. உயரத்தில் தென்னை, பலா, கித்துள் பனை. அதற்குக் கீழே கமுகு, ஈரப்பலா, கிராம்பு. மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. அடியில் வாழை, கிழங்கு, இஞ்சி. வெயில் ஒவ்வொரு தட்டிலும் சல்லடையில் சலித்த மாதிரி இறங்கும். மழைத் துளி நேராக மண்ணில் விழாது, இலையில் விழுந்து இலையில் விழுந்து மெதுவாக இறங்கும். அதனால் அவ்வளவு சரிவிலும் மண் போகாது. கண்டித் தோட்டம் என்று உலகம் முழுக்க வேளாண்மை படிக்கிறவர்கள் இதைப் பற்றிப் படிக்கிறார்கள். ஜாவாத் தீவிலும் இதே மாதிரி வீட்டுத் தோட்டம் உண்டு.

அதே மலை, அதே சரிவு, அதே மழை. நம் ஆட்கள் இருந்த லயத்துக்குப் பின்னால் என்ன இருந்தது? ஒரு துண்டுக் காய்கறிப் பாத்தி. உழைப்புத் தெரியாதவர்களா? தேயிலை மலை முழுவதும் அவர்கள் கையால் வந்ததுதான். மரம் வைக்கத் தெரியாதவர்களா? ஊரில் வைத்தவர்கள்தான். லயமும் தோட்டத்துரைக்குச் சொந்தம், பாத்தி போட்ட மண்ணும் அவருக்கே சொந்தம். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் அவர்கள் எந்த நாட்டார் என்பதே கேள்வியாகிவிட்டது. அந்த நிலைமையில் பலாக்கன்று வைக்க யாருக்கு மனசு வரும்!

1964 அக்டோபரில் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. ஆட்களை இப்படிப் பங்கு பிரித்தார்கள். சாஸ்திரியை நம் ஊர்க்காரர்கள் வேறொரு காரணத்துக்காகவும் மறக்க மாட்டார்கள். 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலை, அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்தவர் சாஸ்திரி. பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கிற மருதையாறுதான் அது. சரிவுச் சீமையில் தண்ணீர் வந்தால் ஒரே ராத்திரியில் வரும்.

இலங்கையில் தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அண்மைக் காலத்தில்தான் லயத்தை விட்டுத் தனி வீடு கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. இந்திய அரசின் உதவியோடும் வீடுகள் கட்டுகிறார்கள். வீட்டோடு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்று ஒதுக்கினார்கள். நம் கணக்கில் சுமார் நாலேகால் சென்ட்டு. போதாது, கூட வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாலேகால் சென்ட்டில் வீடு போக மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த மிச்சத்துக்காகத்தான் இருநூறு வருஷக் காத்திருப்பு.

நம் மாநிலத்தில் இந்த விஷயம் எப்போது தீர்ந்தது? 1961-ல் ஒரு சட்டம், விவசாயத் தொழிலாளியைக் குடியிருப்பிலிருந்து கிளப்பக் கூடாது என்றது. 1971-ல் வந்த தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் உரிமைச் சட்டம், அந்த இடத்தை அவர்களுக்கே சொந்தம் ஆக்கியது. இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடியிருப்பு என்றால் குடிசை நிற்கிற தரை மட்டும் என்று எழுதவில்லை. வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான, வீட்டை ஒட்டிய இடமும் சேர்ந்ததுதான் குடியிருப்பு என்று எழுதினார்கள். செப்பேட்டில் இருந்த மனைப்படப்பை மறுபடி சட்டப் புத்தகத்துக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை உழைக்கிறவர் பேரில்! நாட்டில் எத்தனையோ சட்டம் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கொல்லையையும் கணக்கில் எடுத்த இந்த ஒரு வரிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அதற்கப்புறம் நத்தம் பட்டா வந்தது, வீட்டுமனைப் பட்டா வந்தது. இப்போது பெரும்பாலும் பெண்கள் பேரில் கொடுக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உங்கள் கொல்லைக் கோடியில் நிற்கிற புளியமரம் உங்கள் மனைக்குள் நிற்கிறதா, புறம்போக்கில் நிற்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புறம்போக்கில் நின்றால், தாத்தா வைத்த மரமாக இருந்தாலும் 2சி பட்டா வாங்கித்தான் பலன் எடுக்கலாம். மரத்துக்கு மட்டும் பட்டா, மண்ணுக்கு இல்லை. வெட்டுவதென்றால் கேட்காமல் வெட்டக் கூடாது.

இப்படியெல்லாம் கைக்கு வந்த கொல்லையை இப்போது நாமே என்ன செய்கிறோம்? அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நடுவில் சுவர் வைக்கிறோம். சரிவுக்குக் குறுக்கே சுவர் வந்தால், மேட்டுக்காரர் பக்கம் தண்ணீர் தேங்கும். ஒருநாள் சுவரையே தள்ளும். பள்ளத்துக்காரர் பக்கம் காய்ந்து போகும். சரிவின் நீளவாக்கில் பிரித்தால் இருவருக்கும் கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம், கொஞ்சம் நிழல் கிடைக்கும். பாகப் பத்திரம் எழுதும்போது கிணற்றுக்குப் பாத்தியதை எழுதுகிறோம், மழைத் தண்ணீர் போகிற வழியை எழுதுவதில்லை. அதையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் சிமெண்டு. 2003-ல் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் போட்டு, வீட்டுக்கு வீடு குழி வெட்டினோம். கொல்லை முழுவதும் சிமெண்டு போட்டுவிட்டு மூலையில் ஒரு குழி வெட்டுகிறவரை என்ன சொல்வது!

சரி, நிழலும் சரிவுமான கொல்லையை என்னதான் செய்யலாம்? முதலில் ஜேசிபி வேண்டாம். ஒரே மட்டமாக வெட்டினால் மேட்டுப் பக்கம் வீட்டு அஸ்திவாரம் தெரியும், பெரிய மரத்தின் வேர் அறுபடும். வேர் அறுபட்ட மரம் அப்போதே சாயாது. இரண்டு வருஷம் கழித்து ஐப்பசிக் காற்றில் வீட்டு மேல் சாயும். வெட்டிய மண்ணை மரத்தடியில் குவிப்பதும் தப்பு. அடிமரம் மூடிப்போனால் பட்டை அழுகும்.

கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் டியூபைக் கேட்டு வாங்குங்கள். ஒரே மட்டத்தில் எந்த இடம் எல்லாம் வருகிறது என்று அதை வைத்துப் பார்த்து, குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். அந்தக் கயிறு நேர்கோடாக வராது, வளைந்துதான் வரும். வளையட்டும். அந்த வளைவிலேயே கையில் கிடைக்கிற கல்லை ஒரு முழ உயரத்துக்கு அடுக்குங்கள். சிமெண்டுப் பூச வேண்டாம். கல் இடுக்கில் தண்ணீர் கசிந்து போக வேண்டும். இப்படி இரண்டு வரிசை, மூன்று வரிசை போட்டால் கொல்லை படிப்படியாகிவிடும். ஒவ்வொரு படியும் வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் உள்சாய்வாக இருந்தால் தண்ணீர் நின்று இறங்கும். வீட்டை ஒட்டிய முதல் படியை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும். கொல்லைக் கோடியில் வெயில் படுகிற கடைசி வரிசையில், மரத்தின் நிழல் எட்டாத இடத்தில் வெட்டிவேர் வையுங்கள்.

நிழலிலும் வகை உண்டு. வேப்ப மரத்து நிழல் சலித்த நிழல், அதன் கீழே பல செடி வரும். புளிய மரத்து நிழல் கனத்த நிழல். அங்கே செடி வைத்து மல்லுக்கட்டாமல் உட்கார இடம் பண்ணுங்கள். வீட்டு நிழல் இன்னொரு வகை. நம் ஊரில் சித்திரை முதல் வாரத்துக்குப் பிறகு ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்து விழும். வடக்குப் பார்த்த கொல்லையில் மார்கழி முழுவதும் வீட்டு நிழல் கிடந்தாலும், ஆடியில் வெயில் வரும். அந்த மாதங்களில் அங்கே கீரையும் கொத்தவரையும் போட்டு எடுத்துவிடலாம்.

நிழலுக்கென்றே பிறந்த செடிகள் இருக்கின்றன. மஞ்சள், இஞ்சி, சேம்பு, கருணை. இவை அரை நிழலில் நன்றாக வரும். ஈரம் நிற்கிற இடத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணி. கல் வரிசை ஓரத்தில் பிரண்டை, தூதுவளை, கற்பூரவல்லி. மரத்தில் ஏற்றிவிட ஒரு வெற்றிலைக் கொடி. பிள்ளைக்குச் சளி என்றால் பாதி மருந்து அங்கேயே இருக்கும். வேம்பின் கீழ்க் கிளைகளை ஆடு மாட்டுக்குக் கழித்துவிட்டால் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இறங்கும். முருங்கையை நிழலில் வைக்காதீர்கள், ஒல்லியாக நீண்டு ஒடியும்.

குளிக்கிற தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் மேல் படியில் ஊற்றினால் தானாகக் கீழே போகும். மோட்டார் வேண்டாம், அதுதான் சரிவின் லாபம். அதன் வழியில் வாழையும் கல்வாழையும் வையுங்கள். பச்சையாகத் தின்கிற கீரைக்குச் சோப்புத் தண்ணீர் விடக் கூடாது. கழிப்பறைக் குழி கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருக்கவே கூடாது. பள்ளத்துப் பக்கமாக, ஐம்பது அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கொல்லை என்பது செடிக்கு மட்டுமா? அம்மிக்கல்லும் துவைக்கிற கல்லும் அங்கேதான் கிடந்தன. வீட்டுப் பெண்கள் அக்கம்பக்கத்தாரோடு நாலு வார்த்தை மனம்விட்டுப் பேசிய இடமும் அதுதான். நடுப்படியை இரண்டு கட்டில் போடுகிற அகலத்துக்குச் செடி வைக்காமல் விடுங்கள். கனத்த கிளை இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு ஊஞ்சல். கிளை காய்ந்ததா என்று வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். வயசானவர்கள் இறங்குவதற்குப் படிக்கல்லை அகலமாக, உயரம் குறைவாகப் போட்டு, ஒரு பக்கம் கைப்பிடிக்கு மூங்கில் கட்டிவிட்டால் தாத்தாவும் இறங்கி வந்து உட்காருவார்.

கல் வரிசை போடுகிற வேலையை ஆவணியோடு முடித்துக்கொள்ளுங்கள். கன்றுக்குக் குழியைப் புரட்டாசிக்கு முன்னால் வெட்டி ஆறப் போட்டு, குப்பை எரு கலந்து வைத்தால், ஐப்பசி மழையில் கன்று பிடித்துக்கொள்ளும். பலா வைக்கிறவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடி தள்ளி வையுங்கள்.